குரலும் அடைக்கலமும்

கிள்ளானிலிருந்து பந்திங் நோக்கிச் செல்லும் சாலையில், கோல லங்காட் மாவட்டத்தில் உள்ள சிற்றூர் ஜெஞ்சாரோம். அவசரகாலத்தின்போது, 1950-களின் தொடக்கத்தில், காட்டோரங்களில் சிதறி வாழ்ந்த குடிகளைத் திரட்டி வேலிக்குள் அமைத்த புதுக்கிராமங்களுள் அதுவும் ஒன்று. ஊருக்குள் சீனர் மிகுதியாக வாழ்ந்தனர். ஊரைச் சூழ்ந்த தோட்டங்களில் தமிழர் வாழ்ந்தனர். கித்தா மரங்கள் நின்ற இடத்தில் பின்னர்ச் செம்பனை நின்றது. செம்பனை நின்ற இடங்கள் சிலவற்றில் ஆலைகளும் வீடுகளும் எழுந்தன. 2018-ஆம் ஆண்டில் சீன நாடு வெளிநாட்டு நெகிழிக் கழிவுகளை ஏற்க மறுத்தபோது, செல்வ நாடுகள் கழித்த குப்பை இச்சிற்றூரின் பக்கம் திரும்பியது. உரிமமற்ற ஆலைகள் அதனைக் குவித்தன, எரித்தன. புகை வீடுகளுக்குள் நுழைந்தது. மக்கள் முறையிட்டனர், அதிகாரிகள் பல ஆலைகளை மூடினர். உலகச் செய்தித்தாள்கள் ஜெஞ்சாரோமின் பெயரை அறிந்துகொண்டது அந்தப் புகையினால்தான்.

ஒரு பொருள் எப்போது குப்பையாகிறது என்னும் கேள்வியை இவ்வூரார் பிறரைக் காட்டிலும் நன்கு அறிவர். பயன் தீர்ந்தபோது என்று விடை கூறுவது எளிது. ஆனால் பயன் தீர்ந்ததா, பயன்கொள்ளும் வழியை மனிதர் மறந்தனரா என்று பிரித்துக் காண்பது எளிதன்று. பழைய வீடொன்றின் பரணில் துருவேறிய பிஸ்கட் டின் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதனுள் தட்டையான ஐந்தாறு சுருள்கள். பழுப்பு நிறத்தில் மெல்லிய நாடா. அதுவும் ஒருவகை நெகிழியே. அதனை ஓட்டும் கருவி வீட்டில் இல்லை, கடைத்தெருவிலும் இல்லை. வீட்டை இடித்துக் கட்ட வந்தவர் கண்ணுக்கு அது எரிக்கத் தக்க குப்பை. வீட்டுக்குரியவரின் பேரன் கண்ணுக்கும், அந்த டின்னின் மூடியைத் திறக்கும்வரை, அது குப்பையே.

இத்தகைய சுருள்கள் தமிழர் வீடுகளுக்கு எவ்வாறு வந்தன என்பதைச் சிறிது காண்டல் தகும். எடிசன் 1877-இல் ஒலிப்பொறியைக் கண்டார். மறு ஆண்டு அமெரிக்க இதழ் ஒன்றில் அதன் பயன்களை அவர் வரிசைப்படுத்தி எழுதியபோது, குடும்பத்தார் தம் நினைவுகளைத் தம் குரலிலேயே பதிந்து வைத்தல், இறக்கும் தறுவாயில் இருப்போரின் கடைசிச் சொற்களைக் காத்தல் ஆகியவற்றையும் சேர்த்தார். பாட்டுக் கேட்பது மட்டுமன்று, இறந்தாரைக் கேட்பதும் அப்பொறியைக் கண்டவன் மனத்தில் தொடக்கத்திலேயே இருந்தது. காந்த நாடா செருமனியில் பிறந்தது. 1928-இல் ஃபிரிட்ஸ் புஃப்ளூமர் காகித நாடாவில் இரும்புத் தூளைப் பூசும் முறைக்கு உரிமம் பெற்றார். 1935-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் மாக்னெட்டோஃபோன் என்னும் பொறி மக்கள் பார்வைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அது உலகெங்கும் பரவி, கிரண்டிக், பிலிப்ஸ், அக்காய், சோனி என்னும் பெயர்களில் வீட்டுக் கருவியாயிற்று. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் சிறு ஒலிப்பேழையை அறிமுகப்படுத்தியது. அது மலிந்த பிறகு சுருள்நாடா மெல்ல மெல்ல மறைந்தது.

மலாயாவில் இக்கருவி எல்லார் வீட்டிலும் இருந்ததில்லை. பால் வெட்டும் தொழிலாளியின் லயத்து வீட்டில் அதற்கு இடமும் இல்லை, பணமும் இல்லை. தோட்டத்துக் கிராணியார் வீட்டில் இருந்திருக்கலாம். பட்டணத்துக் கடைக்காரர் வீட்டில் இருந்திருக்கலாம். அரிதாக ஓர் ஆசிரியர் வீட்டில் இருந்திருக்கலாம். ஆகவே, யாருடைய குரல் எஞ்சியது என்னும் கேள்விக்கு முதல் விடையைத் தந்தது பணப்பையே. இதனை மறந்துவிட்டு, நாடாவில் உள்ளதே அக்காலத் தமிழரின் குரல் என்று கூறுவது பிழை. நாடாவில் உள்ளது கருவி வைத்திருந்தவரின் குரல். அவர் பேச விட்டவர்களின் குரல்.

மேலே கூறிய டின்னில் உள்ள சுருளைக் கேட்கச் செய்வது சிறு வேலையன்று. நாடா கால் அங்குல அகலம் உடையது. அதன் அடித்தளம் அசெட்டேட்டாக இருக்கலாம், பாலியெஸ்டராக இருக்கலாம். சுருளைப் பக்கவாட்டில் விளக்கொளிக்கு நேரே பிடித்தால் அசெட்டேட் ஒளியை ஊடுருவ விடும். பாலியெஸ்டர் பெரும்பாலும் விடாது. முன்னது முதுமையில் காடிபோல் புளித்து நாறும், சுருங்கும், முறியும். அதனைச் சூடாக்குதல் ஆகாது. 1970-களிலும் 1980-களிலும் வெளிவந்த சில பாலியெஸ்டர் நாடாக்களுக்கு வேறொரு நோய் உண்டு. இரும்புத் துகளைத் தாங்கும் பசை காற்றின் ஈரத்தை உண்டு பிசுபிசுத்துவிடும். ஓட்டினால் ஒலியே உரிந்து கருவியின் தலையில் ஒட்டிக்கொள்ளும். அவற்றை ஏறத்தாழ 50 பாகை செல்சியசு வெப்பத்தில் பல மணி நேரம் பக்குவமாகக் காயவைத்தால், சில வாரங்களுக்கேனும் ஓட்டத்தக்க நிலைக்கு வரும். அந்தச் சில வாரங்களுக்குள் ஒலியை எண்ணிமக் கோப்பாக மாற்றிவிட வேண்டும். கோல லங்காட்டின் கடலோர ஈரக்காற்றில் இவை அனைத்தினும் முந்துவது பூஞ்சை. பூஞ்சை படிந்த சுருளை அப்படியே ஓட்டுவது நாடாவையும் கெடுக்கும். ஓட்டுபவரின் மூச்சையும் கெடுக்கும்.

வேகமும் ஒரு சிக்கல். வீட்டுக் கருவிகள் நொடிக்கு மூன்றே முக்கால் அங்குலமோ ஏழரை அங்குலமோ ஓடின. 1200 அடி நாடா முதல் வேகத்தில் 64 நிமிடம் ஓடும். அதனையே இரு மடங்கு வேகத்தில் ஓட்டினால் பாட்டனின் குரல் கிளியின் குரலாகும். ஒரே சுருளில் வெவ்வேறு வேகத்தில் பதிந்தவர்களும் உண்டு. இன்னொரு விந்தையும் உண்டு. சுருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நாடாவின் ஓர் அடுக்கில் பதிந்த காந்தம், பல்லாண்டு கிடக்கையில், அண்டை அடுக்கிலும் சிறிது ஏறிவிடும். அதனால், அமைதியான இடத்தில், பேசப்போகும் சொல் பேசப்படும் முன்னரே நிழல்போல மெலிதாகக் கேட்கும். இறந்தவர் வாய் திறக்கும் முன்னரே அவர் சொல் காதில் விழுகிறது. இயந்திரவியலார் இதனைக் குறை என்பர். கேட்கும் பேரனுக்கு அப்படித் தோன்றாது.

இந்த நாடாக்களுக்கு எஞ்சியுள்ள காலம் குறைவு. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட ஒலி ஆவணக் காப்பகம் 2015-இல் வெளியிட்ட அறிக்கை, 2025-ஆம் ஆண்டையே கெடுவாகக் குறித்தது. நாடா அழிவது ஒரு காரணம். ஓட்டும் கருவிகளும் அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்த கைகளும் அழிவது பெருங்காரணம். 2019-இல் யுனெசுக்கோவும் அனைத்துலக ஒலி, ஒளி ஆவணக் காப்பகச் சங்கமும் சேர்ந்து இதே எச்சரிக்கையை உலகுக்கு விடுத்தன. குறித்த கெடு வந்துவிட்டது. ஆயினும் கேள்வி அவசரத்தைப் பற்றியது மட்டுமன்று. மீட்பது எப்படி என்பதற்குத் தொழிலறிவு விடை கூறும். மீட்ட குரலை என்ன செய்வது என்பதற்குத் தொழிலறிவில் விடை இல்லை.

அந்தச் சுருளில் என்ன இருக்கிறது? ஒரு திருமண வீட்டு நாகசுரம் அரை மணி நேரம். ஒரு குழந்தை பள்ளிப் பாடம் ஒப்பிக்கிறது. வானொலியிலிருந்து பிடித்த பாடல்கள். பின்னர், 1960-களின் நடுப்பகுதியில் ஒரு மாலைப் பொழுது என்று கொள்ளலாம், லயத்திலிருந்து கிராணியார் வீட்டுக்கு வேலைக்கு வந்த ஒரு பெண்மணி பாடுகிறாள். முதலில் தாலாட்டு. பின்னர், “அந்த ஒப்பாரியையும் பாடு, பாப்போம்” என்று ஓர் ஆண்குரல் சொல்கிறது. அவள் தயங்குகிறாள். “வீட்டுல ஒப்பாரி பாடக் கூடாதுங்கய்யா” என்கிறாள். “பரவால்ல, மிசினுக்குத்தானே பாடுற. கொஞ்சம் சத்தமாப் பாடு” என்கிறது அக்குரல். சயாம் இரயில்பாதைக்குப் போய்த் திரும்பாத கணவனை நினைத்து அவள் பாடுகிறாள். இடையில் சிறுவர் இருவர் சிரிக்கின்றனர். பாட்டு முடிகிறது. அவள் ஏதோ பேசத் தொடங்குகிறாள். இரண்டு மூன்று சொற்கள். உடனே ஒரு திரைப்படப் பாடல் பேரொலியுடன் அவள்மேல் விழுகிறது. அவ்விடத்திலிருந்து அந்நாடா வேறொரு நாள் மறுபடியும் பயன்படுத்தப்பட்டிருக்கிறது.

இது கருதிப் பார்க்கும் பொருட்டு அமைத்த நிகழ்ச்சியே. ஆயினும் தோட்டப்புறத்தை அறிந்தவர் இதனை நடவாதது என்று தள்ளமாட்டார். 1942-க்கும் 1943-க்கும் இடையில் சப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் இரயில்பாதை அமைத்தபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டு, அவர்களுள் மிகப் பலர் காட்டிலேயே மாண்டனர். போர்க்கைதிகளாக இருந்த வெள்ளையருக்குக் கல்லறைகள் உண்டு, நினைவு நூல்கள் உண்டு, திரைப்படங்கள் உண்டு. அத்தமிழருக்கு நெடுங்காலம் எஞ்சியிருந்தது பெண்களின் ஒப்பாரியே. அது எழுதப்படவில்லை; பாடியவர் மூச்சோடு போயிற்று.

இப்போது அச்சுருளை மீட்ட பேரன்முன் மூன்று கேள்விகள் நிற்கின்றன. இக்குரல் யாருடையது? இதனைத் திருத்தலாமா? இதனை அழிக்கலாமா? பார்வைக்கு மூன்றாயினும் இவை முதற் கேள்வியிலேயே அடங்கும்.

சட்டத்தைக் கேட்டால் விடை விரைவில் கிடைக்கும். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவின் ஆசிரியர் அப்பதிவுக்கு ஏற்பாடு செய்தவரே; அவ்வுரிமை 50 ஆண்டுக் காலம் உடையது. எனவே சட்டத்தின் கண்ணில் அம்மாலைப் பொழுதின் ஆசிரியர் கிராணியார். பொத்தானை அழுத்தியவர் ஆசிரியர், அழுதவள் பொருள். அக்காலமும் கடந்துவிட்டமையால் இன்று தடை கூறுவார் எவரும் இல்லை. சட்டம் தன் வேலையைச் செய்தது. ஆனால் தொல்காப்பியர் பிறப்பியலில் குரலின் வரலாற்றை வேறுவிதமாகக் கூறுகிறார். கொப்பூழிலிருந்து எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று, பல்லும் இதழும் நாவும் மூக்கும் அண்ணமும் உறத் தொழிற்பட்டு ஒலியாகிறது என்பது அவர் கருத்து. ஒலி எழுத்து வடிவம் பெறுவதற்கு முன் ஓர் உடம்பைக் கடந்து வருகிறது. எழுதிய ஏட்டை எழுதியவரிடமிருந்து பிரித்துவிடலாம். குரலை அவ்வாறு பிரித்தல் இயலாது. இருமலும், பல்லிழந்த வாயின் குழறலும், காலையிலிருந்து பால் வாளி சுமந்த களைப்பும் அதில் கலந்தே இருக்கின்றன. இத்தகைய ஒன்றைக் கருவிக்கு உரியவரின் உடைமை என்பது எவ்வாறு பொருந்தும்?

இக்கேள்வியை உலகம் பெரிய அளவில் சந்தித்திருக்கிறது. முதல் உலகப் போரில் செருமானியரிடம் சிறைப்பட்ட இந்திய வீரர்கள் பெர்லினுக்கு அருகே வூன்ஸ்டோர்ஃப் என்னும் ஊரில் ‘பிறை முகாம்’ எனப்பட்ட முகாமில் வைக்கப்பட்டிருந்தனர். 1915 முதல் 1918 வரை செருமானிய மொழியறிஞர்கள் முகாம்களுக்குச் சென்று, கைதிகளை ஒலிப்பொறியின் குழாய்முன் நிறுத்திப் பேசச் செய்து பதிவு செய்தனர். அவர்களுக்கு வேண்டியது மொழியின் மாதிரி. 1916 திசம்பரில் மல் சிங் என்னும் பஞ்சாபியர் அக்குழாய்முன் பேசினார். தம்மையே மூன்றாம் ஆள்போல் வைத்து, இந்தியாவில் வெண்ணெய் உண்டு வாழ்ந்த ஒருவன் ஐரோப்பியப் போரில் சிறைப்பட்டுத் தவிப்பதையும், இன்னும் இரண்டாண்டு இங்கிருந்தால் அவன் இறந்துபோவான் என்பதையும் கூறினார். அறிஞர் உச்சரிப்பைக் கேட்டனர். அவர் ஊரைக் கேட்டார். அக்குரல் பெர்லின் ஒலிக் காப்பகத்தில் பல்லாண்டு உறங்கியது. 2007-இல் பிலிப் செஃப்னர் என்பவர் எடுத்த ஆவணப்படத்தால் அது பலர் காதில் விழுந்தது. வடிவத்தைப் பெற்றவரும் பொருளைப் பேசியவரும் இரு வேறு உலகங்களில் நின்றனர். கிராணியார் வீட்டு முற்றத்திலும் நிகழ்ந்தது அதுவே. அளவு சிறிது, அவ்வளவே.

ஆனால் ஒரு பக்க நீதி நீதியாகாது. அந்தக் கிராணியாரின் கருவி இல்லாதிருந்தால் அவ்வொப்பாரி இன்று இல்லை. அவர் அவளை அழைக்காதிருந்தால், அவள் பாட்டு ஒரு பாட்டென்று மதிக்காதிருந்தால், அவள் பெயரற்ற பல்லாயிரவருள் ஒருத்தியாகவே மறைந்திருப்பாள். கட்டளையிட்ட குரலிலேயே ஒரு பாராட்டும் இருந்தது. தோட்டப்புறத்தின் மேல்கீழ் நிலைகள் இவ்விரண்டையும் பிரிக்க முடியாதபடி பிணைத்து வைத்திருந்தன. அவரைக் கொடியவர் என்று எழுதி முடிப்பது எளிது. உண்மை அவ்வளவு எளிதன்று.

உடைமை என்னும் சொல் இங்கு உதவாதபோது தமிழில் வேறொரு சொல் காத்திருக்கிறது. அது அடைக்கலம். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் மதுரைப் புறஞ்சேரியில் கண்ணகியை இடையர்குல முதுமகள் மாதரியிடம் அடைக்கலமாகக் கொடுக்கிறார். மாதரி கண்ணகியின் தாயல்லள், உறவல்லள், குலமும் வேறு. அவள் ஏற்றது ஒரு பொருளையன்று, ஒரு பொறுப்பை. கோவலன் கொலையுண்டு கண்ணகியும் நீங்கியபின், அடைக்கலத்தைக் காக்கத் தவறினேன் என்று மாதரி தீயில் புகுந்தாள் என்பதை வஞ்சிக் காண்டத்தில் மாடலன் வாயிலாக அறிகிறோம். அந்த முடிவை யாரும் இன்று பின்பற்ற வேண்டுவதில்லை. ஆனால் அந்த உணர்ச்சியைக் கருதிப் பார்க்கலாம். தன்னுடையது அல்லாத ஒன்று தன் வீட்டில் இருப்பதனால் உண்டாகும் கடமை, தன்னுடைய பொருளைக் காப்பதினும் கடுமையானது. தன் பொருளை ஒருவன் விற்கலாம், உடைக்கலாம், மறக்கலாம். அடைக்கலப் பொருளை அவ்வாறு செய்ய இயலாது. பேரன் கையில் உள்ள டின்னில் அவன் பாட்டனின் குரல் உடைமையாக இருக்கலாம். லயத்துப் பெண்மணியின் குரல் அவனிடம் அடைக்கலமாகவே இருக்கிறது. அவளே விரும்பி வந்து வைக்கவில்லை என்பது அப்பொறுப்பைக் குறைப்பதில்லை, மிகுவிக்கிறது.

திருத்தலாமா என்னும் கேள்வி இங்கே எழுகிறது. இக்காலக் கணினி நிரல்கள் இரைச்சலை நீக்கவல்லன. நாடாவின் சீறல் போகும். சுவர்க்கோழியின் ஒலி போகும். எங்கோ அடித்த பெரட்டு மணியும், சேவலின் கூவலும், அடுப்படியில் பாத்திரம் உருண்டதும் போகும். சிறுவரின் சிரிப்பையும் எடுத்துவிடலாம். “கொஞ்சம் சத்தமாப் பாடு” என்னும் கட்டளையையும் வெட்டிவிடலாம். எஞ்சுவது தூய ஒப்பாரி. எந்த விழாவிலும் ஒலிபரப்பலாம். பாட்டனின் பெயரும் கெடாது. பாட்டியின் பாட்டும் வாழும். இதனைச் செய்ய விரும்பாத பேரன் அரியவன்.

ஆயினும் அவ்வாறு வெட்டியபின் எஞ்சும் பாட்டு அன்று பாடிய பாட்டன்று. சிரிப்பைக் கடந்து பாடினாள் என்பதே அதன் ஒரு பகுதி. மறுத்தும் பாடவைக்கப்பட்டாள் என்பது மற்றொரு பகுதி. அவள் நாணத்தை நீக்கிவிட்டால் அவள் துயரம் ஒரு நிகழ்ச்சியாகாமல் ஒரு கலைப்பொருளாகிவிடும். இரைச்சல் என்று பெயரிட்டு நீக்குவதில் எது சுவர்க்கோழி, எது மனச்சான்று என்று நிரலுக்குத் தெரியாது.

தமிழாசிரியர்களுக்கு இதனினும் நுட்பமான சோதனை ஒன்று உண்டு. ஒலியை எழுத்தாக்கும்போது அது வருகிறது. அவள் சடக்கு என்கிறாள். சாலை என்று எழுதுவதா? தீம்பார் என்கிறாள், பசியாறுதல் என்கிறாள், கித்தா என்கிறாள். மலாயும் ஆங்கிலமும் தெலுங்கும் தமிழும் அவள் நாவில் கலந்து, தோட்டப்புறத்திலன்றி வேறெங்கும் இல்லாத ஒரு தமிழாகின்றன. ழகரம் யகரமாகிறது. வகுப்பறையில் இவற்றைத் திருத்துவது ஆசிரியரின் கடமை. இறந்தவரின் வாயில் திருத்துவது யார் கடமை? பிழை என்று அடித்துத் திருத்திய படியைப் படிக்கும் மாணவன், சயாமுக்குக் கணவனைப் பறிகொடுத்த பெண் பாடநூல் நடையில் அழுதாள் என்றே எண்ணிக்கொள்வான்.

இதற்கு வழிகாட்டியும் தமிழிலேயே உண்டு. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடினார். 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சிட்டார். கரிவலம்வந்தநல்லூரில் பழைய ஏடுகள் தீயிலிடப்பட்ட செய்தியைக் கேட்டு அவர் உள்ளம் நொந்ததை அவரே எழுதியுள்ளார். பலர் அவர் தேடிய உழைப்பைப் போற்றுவர். அவர் பாடவேறுபாடுகளைக் காட்டிய நேர்மை அதனினும் போற்றத் தக்கது. ஏடுகள் வேறுபட்டபோது தமக்குச் சரியென்று பட்டதை வைத்துக்கொண்டு மற்றதை மறைத்துவிட அவருக்கு வாய்ப்பு இருந்தது. கேட்பார் யார்? ஆயினும் வேறுபாடங்களைக் குறித்து வைத்தார். பின்வருவோர் தாமே கண்டு முடிவு செய்ய இடம் விட்டார். ஒலிநாடாவுக்கும் அம்முறை பொருந்தும். தொடாத மூலப் பதிவு ஒன்று இருக்கட்டும். கேட்பதற்கு எளிதாக இரைச்சல் குறைத்த படி வேறொன்று இருக்கட்டும். என்ன நீக்கப்பட்டது என்னும் குறிப்பும் உடன் இருக்கட்டும். சேவலை நீக்கினேன் என்று எழுத எவரும் நாணமாட்டார். என் பாட்டனின் சொல்லை நீக்கினேன் என்று எழுத நேரும்போது கை தயங்கும். அத்தயக்கமே நல்ல அளவுகோல்.

எஞ்சியது அழித்தல். அழிக்கலாம் என்போரிடம் வலுவான வாதம் உண்டு. தமிழர் மரபில் இறந்தவரின் உடல் தீக்கு அல்லது மண்ணுக்கு, சாம்பல் நீருக்கு. விட்டுவிடுதலே அன்பின் இறுதிச் செயல். ஒப்பாரி சாவு வீட்டுக்கு உரியது. சாவில்லா வீட்டில் அது ஒலித்தல் ஆகாது என்று அவளே சொன்னாள். அவள் விரும்பாது பாடியதை அவள் மறைந்த பின்னரும் மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்வது அவளை மீண்டும் மீண்டும் கட்டாயப்படுத்துவது ஆகாதா? இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. குடும்பச் சுருள்களில் இதனினும் கூரியவை இருக்கலாம்: சகோதரர் பூசல், தத்துக் கொடுத்த பிள்ளையைப் பற்றிய மறைமொழி, அண்டை வீட்டாரின் சாதியைச் சுட்டிய இழிசொல். பேசியவர்களுள் சிலர் கருவி ஓடுவதை அறியாமலே பேசியிருப்பர். கேட்டவுடன் ஒரு குடும்பம் இரண்டாகலாம்.

ஆனால் அழித்தோர் பெரும்பாலும் இத்துணை எண்ணி அழித்ததில்லை. நாடா விலையுயர்ந்தது, எனவே பழையதன்மேல் புதியதைப் பதிந்தனர். வீடுகள் மட்டும் அவ்வாறு செய்யவில்லை. 1969-இல் மனிதன் நிலவில் கால் வைத்த காட்சி நேரடியாகப் பதிவான மூல நாடாக்கள், பின்னர் வேறு பணிகளுக்காகப் பிற நாடாக்களுடன் சேர்த்து அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று அமெரிக்க விண்வெளி நிறுவனம் 2009-இல் ஒப்புக்கொண்டது. நிலவுக்கு ஆள் அனுப்பிய நாடு நாடாவுக்குச் செலவைப் பார்த்தது என்றால், கோல லங்காட்டுக் கிராணியார் வீட்டைக் குறைகூற வாயெழாது. ஒப்பாரியின்மேல் திரைப்பாடலைப் பதிந்த கை பகைமையால் பதியவில்லை. அந்த அசட்டையே நெஞ்சை உறுத்துவது. பகைவன் அழித்திருந்தால் அவள் சொல்லுக்கு ஓர் ஆற்றல் உண்டென்று அஞ்சினான் எனலாம். இங்கு எவரும் அஞ்சவில்லை.

ஆகவே அழித்தலுக்கும் பறையறைதலுக்கும் இடையே ஒரு நிலை வேண்டும். மூடி வைத்தல் அழித்தல் ஆகாது. ஆவணக் காப்பகங்கள் சில வாய்மொழிப் பதிவுகளைக் குறித்த காலம்வரை திறவாமல் வைப்பது உண்டு. வீடும் அதனைச் செய்யலாம். உயிரோடிருப்போரைப் புண்படுத்தும் பகுதியை அவர் காலம்வரை மூடி வைக்கலாம். பிறர் குரல் உள்ள பகுதியை அவருடைய மக்களைக் காணும்வரை எவர்க்கும் ஒலிக்காது வைக்கலாம். அழித்தபின் எண்ணம் மாறினால் மீட்க வழியில்லை. மூடி வைத்ததை நாளை திறக்கலாம். மீள முடியாத செயலைப் பிறர் பொருளில் செய்ய ஒருவனுக்கு உரிமை மிகக் குறைவு.

அவருடைய மக்களைக் காணுதல் என்று கூறிவிடுவது எளிது. எங்கே காண்பது? தோட்டம் துண்டாடப்பட்டது அல்லது செம்பனைக்கு மாறியது. 1969-க்குப் பின் வேலை உரிமம் கிடைக்காத பல்லாயிரவர் ரஜூலா போன்ற கப்பல்களில் தமிழகம் திரும்பினர். எஞ்சியோர் பந்திங்குக்கும் கிள்ளானுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் சிதறினர். லயங்கள் இல்லை. பெயர்ப் பதிவேடு கிடைப்பது அரிது. ஆனால் தோட்டம் மறைந்தும் பல இடங்களில் கோயில் மறையவில்லை. ஆண்டுக்கொருமுறை திருவிழாவுக்குப் பழைய தோட்டத்தார் வண்டி வண்டியாக வந்து சேர்வர். யார் பேத்தி யார், எந்த லயத்தில் எத்தனையாவது கதவு என்று முதியவர்கள் அன்று கணக்கெடுப்பர். அரசாங்கப் பதிவேட்டில் இல்லாதது அந்தப் பந்தலில் இருக்கும்.

பேரன் அங்கே செல்ல வேண்டும். கைப்பேசியில் அப்பாட்டு இருக்கலாம். ஆனால் ஒலிபெருக்கியில் அன்று. தேடி விசாரித்து, அப்பெண்மணியின் மகளென்று ஒருவரைக் காட்டுவார்கள் எனின், அவரைக் கூட்டத்திலிருந்து சற்று அப்பால் அழைத்து, முதலில் கேட்க வேண்டியது ஒன்றுண்டு: “அம்மா, உங்க தாயார் குரல் எங்க வீட்டுல இருக்கு. கேக்கிறீங்களா? வேண்டாம்னா நான் போட மாட்டேன்.” அவர் வேண்டாவெனின் அதுவே முடிவு. கேட்கிறேன் என்றால், சிறுவர் சிரிப்பும் பாட்டனின் கட்டளையும் அதில் இருப்பதைப் பேரன் முன்கூட்டியே தன் வாயால் சொல்லிவிட வேண்டும். அது கடினமான வேலை.

எண்பது வயதை எட்டிய அம்மகள் கைப்பேசியைக் காதோடு சேர்த்துக்கொண்டு கேட்பார். பந்தலில் உடுக்கை அடிப்பது நிற்காது. தாலாட்டு வரும், அது அவருக்கே பாடியதாகவும் இருக்கலாம். ஒப்பாரி வரும். தந்தையின் பெயர் வரும். பின்னர் அவர் தாய் ஏதோ பேசத் தொடங்கும் அந்த இரண்டு மூன்று சொற்கள் வரும். உடனே திரைப்பாடல் வந்து விழும். அவர் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்து, “அப்புறம் அம்மா என்னா சொல்லுச்சு?” என்று கேட்பார்.